விரைவும் இயைபும்

விரைவை விரும்பாதார் இவ்வுலகில் அரியர். நடந்து சென்றவன் மிதிவண்டியை விழைந்தான். மிதிவண்டியில் சென்றவன் மோட்டார் வண்டியை விழைந்தான். கணிப்பொறி வாங்கியவனும் மூன்றாம் ஆண்டு நிரம்புமுன்னரே, "இது மந்தமாக இருக்கின்றதே!" என வருந்தத் தொடங்குகின்றான். அவ்வருத்தத்தைத் தீர்க்க வந்த மருந்துகளுள் ஒன்றே 'ஆக்ஸிலரேட்டர் கார்டு' என வணிகர் வழங்கும் முடுக்கி அட்டை. பொறி முழுவதையும் மாற்றாது, அதனுள் ஓர் அட்டையைச் செருகி அதன் விரைவை மட்டும் பெருக்கிக்கொள்ளுதலே இதன் நோக்கம். நோக்கம் நன்றே. ஆயினும், 'இவ்வட்டை எத்துணை விரைவுடையது?' என வினவுவார் பலர். 'இஃது என் பொறியோடு இயையுமோ?' என வினவுவார் மிகச் சிலர். பின்னைய வினாவே முதற்கண் வினவத்தக்கது என்பதும், அதற்கு விடை கூறும் கடமை வாங்குவோனினும் ஆக்குவோர்க்கும் விற்போர்க்குமே பெரிதும் உரியது என்பதும் எளியேன் கருத்து.

தமிழ் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியின் உள்ளுறுப்புக்களோடு யாது தொடர்பு எனச் சிலர் நகைக்கக்கூடும். இதற்கொரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு எம் விடுதி நண்பர் ஒருவர், அலுவலகம் ஒன்றிற் கழிக்கப்பட்ட சிறு கணிப்பொறியைக் குறைந்த விலைக்கு வாங்கினார். நிரல்களைத் திறக்கவே அது பல நிமிடம் எடுத்துக்கொண்டது. கோடை விடுமுறையிற் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லி ஈட்டிய பொருளைக் கொண்டு அதற்கொரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். விற்றவர், "ஸ்லாட் ஒன்றுதான் தம்பி, கட்டாயம் பொருந்தும்" எனக் கூறி அனுப்பினாராம். 'ஸ்லாட்' என்னும் செருகுவாயில் அட்டை பொருந்தியது உண்மையே. ஆனால் அது தனக்கு வேண்டும் மின்னாற்றலைப் பெற எட்டுமுனை இணைப்பொன்றை வேண்டி நின்றது, பொறியின் எஸ்.எம்.பி.எஸ். ஆகிய மின்வழங்கியிலோ அவ்விணைப்பே இல்லை. திரை இருண்டே கிடந்தது. திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, உறை பிரிக்கப்பட்டதென்று கூறி விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டனர். அப்பகுதி நண்பருடைய ஒரு மாத உணவுக் கட்டணத்திற்கு ஒப்பாகும். அட்டையிற் குறையில்லை; பொறியிலும் குறையில்லை. இரண்டும் கூடியவிடத்தே குறை தோன்றிற்று. அஃது எவ்வாறு என்னும் ஐயமே இத்துறையிற் சில செய்திகளைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது.

புணரியல் கற்றார்க்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. முன் நிற்பது நிலைமொழி. அதனோடு வந்து சேர்வது வருமொழி. இரண்டும் மாற்றமின்றிக் கூடின் இயல்பு புணர்ச்சி. மாற்றம் எய்திக் கூடின் விகாரப் புணர்ச்சி. அவ்விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என நன்னூல் கூறும். நிலைமொழியின் ஈறு இன்னதென அறியாதவன் வருமொழியைச் சேர்க்கப் புகின் பிழையே செய்வான். பழம்பொறியை நிலைமொழியாகவும், புதிய அட்டையை வருமொழியாகவும் கொள்க. இவை கூடுமிடத்தும் புதியதோர் உறுப்புத் தோன்ற வேண்டுவதுண்டு. ஒன்றன் நடை திரிய வேண்டுவதுண்டு. முன்னிருந்த உரிமையொன்று கெடுவதும் உண்டு. இதற்குச் சான்று, தனியாள் கணிப்பொறி தோன்றி வளர்ந்த அமெரிக்க நாட்டின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது.

1977-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் 'ஆப்பிள் 2' என்னும் பொறியை வெளியிட்டனர். ஸ்டீவ் வோஸ்னியாக் வகுத்த அப்பொறியில் 6502 என்னும் நுண்செயலி ஏறத்தாழ ஒரு மெகாஹெர்ட்ஸ் விரைவில், அஃதாவது நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு என்னும் அளவில், இயங்கியது. உள்ளே எட்டுச் செருகுவாய்கள் இருந்தமையால், பிறர் செய்த அட்டைகளுக்கும் அது தாராளமாக இடந்தந்தது. 1986-இல் அப்ளைடு இன்ஜினியரிங் என்னும் நிறுவனத்தார் 'டிரான்ஸ்வார்ப்' என்னும் முடுக்கி அட்டையை அதற்கென வெளியிட்டனர். அது பொறியின் விரைவை 3.6 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தியது. பொறியின் பழைய நினைவகம் அவ்விரைவுக்கு ஈடுகொடாது; ஆதலின் அட்டை தனக்கெனத் தனி நினைவகத்தையும் தாங்கி வந்தது. இது தோன்றல்.

நிற்க. அப்பொறிக்கு 1978-இல் வெளிவந்த டிஸ்க் டிரைவை வோஸ்னியாக் மிகச் சில உறுப்புக்களைக் கொண்டே அமைத்திருந்தார். பிற பொறிகளில் தனிச் சில்லுகள் செய்த வேலையை, அங்கு நுண்செயலியே தன் துடிப்புக்களை எண்ணிக்கொண்டு செய்தது. வட்டில் ஒரு பிட் எழுத நான்கு மைக்ரோநொடி. எட்டுப் பிட் எழுத முப்பத்திரண்டு மைக்ரோநொடி. நுண்செயலியின் விரைவு என்றும் மாறாது என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தது அவ்வமைப்பு. அதே கட்டளைகளை மூன்றரை மடங்கு விரைவாக ஓட்டின் யாதாகும்? எழுத்தோடு எழுத்து நெருங்கிக் குழம்பும். வட்டிலிருந்த செய்தியும் பாழாகும். விளையாட்டுக் கைப்பிடியின் நிலையை அறிதலும் அவ்வாறே காலத்தை எண்ணி அறிதல்தான். ஆதலின் அதுவும் பிழைபடும்.

இவ்விடரை நீக்க அவ்வட்டையை ஆக்கியோர் செய்த ஏற்பாடு போற்றத்தக்கது. டிஸ்க் டிரைவுக்குரிய செருகுவாயைப் பொறி தொடுந்தோறும் அட்டை தன் விரைவை ஒரு மெகாஹெர்ட்ஸாகத் தானே குறைத்துக்கொள்ளும். வேலை முடிந்தபின் மீண்டும் விரையும். எந்தெந்தச் செருகுவாய்க்கு மெல்ல நடக்க வேண்டும் என்பதை உடையவரே அமைத்துக்கொள்ளச் சிறு விசைகளும் அட்டையின்மேல் இருந்தன. இது திரிதல். ஈண்டு நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. திரிந்தது பழம்பொறி அன்று. புதிதாக வந்த அட்டையே. விரைவூட்ட வந்த பொருள், மெல்ல நடக்கவும் கற்றிருந்தமையாலன்றோ பயன்பட்டது!

இனி மற்றொரு பொறியைக் காண்போம். 1984-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாளில் ஆப்பிள் நிறுவனத்தார் 'மெக்கின்டாஷ்' பொறியை வெளியிட்டனர். 68000 என்னும் நுண்செயலி அதில் ஏறத்தாழ எட்டு மெகாஹெர்ட்ஸ் விரைவில் இயங்கியது. நினைவகம் 128 கிலோபைட். முன்னைய பொறிக்கு மாறாக இதிற் செருகுவாய் ஒன்றேனும் இல்லை. 1986-இல் வந்த 'மெக்கின்டாஷ் பிளஸ்' பொறியிலும் நிலைமை அதுவே. வாயில் இல்லாத வீட்டிற்குள் புக விரும்பிய முடுக்கி வணிகர், அறுபத்துநான்கு கால்களையுடைய அந்நுண்செயலியின் முதுகின்மேல் ஏறிக் கவ்விக்கொள்ளும் கவ்வியொன்றைக் கொண்டு தம் அட்டையை இணைத்தனர். உள்ளே காற்றாடியும் இல்லாத அச்சிறு பெட்டியில், புதிய அட்டையின் வெப்பமும், அது வேண்டிய மிகை மின்னாற்றலும் தொல்லை தரும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத தொல்லையே பெரிதாயிற்று. 68000 நுண்செயலி ஒரு முகவரியைத் தன்னகத்தே 32 பிட் அளவில் வைத்துக்கொள்ளினும், நினைவகத்தை நோக்கி அனுப்புவது 24 பிட் அளவினதே. எஞ்சிய எட்டிடம் வறிதே கிடத்தலைக் கண்ட நிரலாசிரியர், நினைவகம் அருகியிருந்த அக்காலத்தில், அவ்விடத்தைத் தம் குறிப்புக்களுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். ஆப்பிள் நிறுவனத்தாரின் சொந்த மென்பொருளே அங்குத் தன் அடையாளங்களை எழுதி வைத்தது. பின்னர் வந்த 68020 நுண்செயலியோ 32 பிட்டையும் முகவரியாகவே படிக்கும். உறையின் ஓரத்தில் ஒருவர் குறித்து வைத்த மளிகைக் கணக்கை, புதிதாக வந்த அஞ்சற்காரர் வீட்டெண் எனக் கொண்டு வேற்றூர் சென்றது போலாயிற்று இது. இதனால், 1987-இல் 68020 கொண்டு வெளிவந்த 'மெக்கின்டாஷ் 2' பொறியிலும் பழைய 24 பிட் முறையையே தொடர வேண்டியதாயிற்று. 1991-இல் 'சிஸ்டம் 7' முழு முகவரி முறையைக் கொணர்ந்தபோதும், அப்பொறியின் நிலைநினைவகத்திற் பொறித்திருந்த மென்பொருள் அதற்கு இயையவில்லை. கனெக்டிக்ஸ் நிறுவனத்தாரின் 'மோட் 32' என்னும் நிரல் வந்தே அக்குறையை நீக்க வேண்டியிருந்தது.

முன்னிருந்த உரிமை கெடுதலுக்கும் சான்று உண்டு. 68000 நுண்செயலியில் எந்நிரலும் பயன்படுத்தத்தக்கதாக இருந்த ஒரு கட்டளை, 68010 முதலாக அமைப்பு மென்பொருளுக்கு மட்டுமே உரியதாக ஒதுக்கப்பட்டது. கமடோர் நிறுவனத்தாரின் 'அமிகா' பொறிக்குப் புதிய நுண்செயலி கொண்ட அட்டையை வாங்கியோர், அக்கட்டளையைப் பயன்படுத்திய பழைய நிரல்கள் திடீரென நின்றுபோதலைக் கண்டனர். அப்பிழை எழுந்தவுடன் இடைமறித்து, நிரல் விரும்பிய விடையைத் தாமே தந்து மேலே செலுத்தும் சிறு நிரல்கள் பின்னர்த் தோன்றின.

ஐ.பி.எம். வகைப் பொறிகளின் கதை இன்னும் சுவையுடையது. 1981-இல் வந்த முதற் பொறி 4.77 மெகாஹெர்ட்ஸ் விரைவுடையது. அவ்விரைவையே காலக்கணக்காகக் கொண்டு இயற்றிய விளையாட்டுக்கள், பின்வந்த விரைவுப் பொறிகளில் ஆடவியலாத வேகத்தில் ஓடின. ஆதலின் அப்பொறிகளின் முகப்பில் 'டர்போ' என்னும் பொத்தான் ஒன்றை அமைத்தனர். பெயரோ வேகத்தைக் குறிப்பது. பயனோ வேண்டும்போது வேகத்தைக் குறைப்பது. இயைபின் அருமையை அப்பொத்தான் ஒன்றே உணர்த்தவல்லது.

இவையெல்லாம் பழங்கதை, இக்காலத்தில் இத்தொல்லைகள் இல்லை எனச் சிலர் கூறுவர். அக்கூற்றில் ஒரு பகுதி உண்மை. 2003-இல் முதலில் வரையறுக்கப்பெற்ற 'பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்' என்னும் இணைப்பு முறையில், புதிய அட்டையும் பழைய செருகுவாயும் முதலில் தம்முள் கலந்து, இரண்டிற்கும் ஏற்ற விரைவையே மேற்கொள்ளுகின்றன. இயல்பு புணர்ச்சி எனத்தக்க நல்லேற்பாடு இது. ஆனால் செருகுவாயிற் பொருந்துதல் வேறு. பொறியோடு இயைதல் வேறு. அச்செருகுவாய் வழங்கும் மின்னாற்றல் 75 வாட் அளவினதே. அதற்கு மேல் வேண்டும் அட்டைகள் தனி இணைப்பை நாடும். எட்டுமுனை இணைப்பொன்று 150 வாட் வரை தரும். எம் நண்பர் இடறி வீழ்ந்தது இவ்விடத்திலேதான்.

மின்னாற்றல் பொருந்தினும் வேறு தடைகள் உண்டு. 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. நிறுவனத்தார் 'ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.' என்னும் அட்டையை, சிக்கனமாக வாங்குவோரைக் கருதி வெளியிட்டனர். பதினாறு பாதைகள் உள்ள செருகுவாயில் அஃது அமரினும், பயன்படுத்துவது நான்கு பாதைகளையே. நான்காம் தலைமுறைச் செருகுவாயில் அந்நான்கும் நொடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட் செய்தியைக் கடத்தும். மூன்றாம் தலைமுறைச் செருகுவாயில் அதிற் பாதியே. அட்டையின் சொந்த நினைவகமும் 4 கிகாபைட் அளவினதாதலின், அது நிரம்பி வழியும்போது இக்குறுகிய வழியே போக்குவரவு செய்ய நேர்ந்து ஓட்டம் தளர்ந்தது. புதுப்பொறி வாங்க வகையின்றி இத்தகைய அட்டையை நாடுவோரிடம் உள்ளது பெரும்பாலும் பழம்பொறியே. அப்பழம்பொறியிலோ அதன் பயன் குறைவு. எவர்க்கு மிகவும் வேண்டுமோ அவர்க்கே மிகக் குறைவாகக் கிட்டுவது எவ்வகை நீதி?

அட்டை இயையினும் மென்பொருள் மறுப்பதும் உண்டு. இயந்திரக் கற்றலுக்குப் பயன்படும் 'டென்சர்ஃப்ளோ' 2018-இல் வந்த 1.6-ஆம் பதிப்பு முதலாக, ஆக்கியோர் ஆயத்தமாக வழங்கும் வடிவில், 'ஏ.வி.எக்ஸ்.' என்னும் கட்டளைத் தொகுதியை நுண்செயலியிடம் எதிர்பார்க்கின்றது. இன்டெல் நுண்செயலிகளில் அத்தொகுதி 2011 முதலே இடம்பெற்றது. அதற்கு முந்திய பொறியில் எத்துணை விலையுயர்ந்த முடுக்கியைச் செருகினும், அவ்வடிவம் அங்கு ஓடாது.

இவற்றோடு வாங்குவோர் மறக்கலாகாத உண்மை மற்றொன்றும் உண்டு. ஜீன் அம்டால் என்னும் அறிஞர் 1967-இல் எடுத்துக்காட்டிய நியதி அது. ஒரு வேலையின் எப்பகுதி விரைவு பெறவில்லையோ, அப்பகுதியே மொத்த விரைவுக்கு எல்லையிடும். பத்து நிமிடத்தில் முடியும் வேலையில் நான்கு நிமிடம் நுண்செயலிக்கும், ஆறு நிமிடம் ஹார்டு டிஸ்கிற்கும் செல்கின்றன எனக் கொள்வோம். நுண்செயலியை நான்கு மடங்கு விரைவாக்கினால் நான்கு நிமிடம் ஒன்றாகும். மொத்தம் ஏழு நிமிடம். அளவிறந்த விரைவே ஊட்டினும் ஆறு நிமிடத்திற்குக் கீழே இறங்காது. எனவே மந்தம் எவ்விடத்தது என அறியாமல் முடுக்கியை வாங்குதல், காலில் முள் தைத்தவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தலை ஒக்கும்.

இனி மறுப்போர் கூற்றையும் கேட்போம். "பழமைக்கு இடங்கொடுத்துக் கொண்டேயிருப்பின் புதுமை எங்ஙனம் வளரும்? பழம்பொறியை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குதலே அறிவுடைமை" என்பர் அவர். இதில் உண்மை இல்லாமலில்லை. வறிதே கிடந்த எட்டிடத்தில் எழுதி வைத்த குறிப்புக்கள், மெக்கின்டாஷின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தியதை மேலே கண்டோம். அட்டையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களும் புதிய பொறியின் விலையை அணுகுமாயின், பழையதை விடுதலே தக்கது. எக்காலத்திற்கும் எல்லாப் பழம்பொறிகளையும் தாங்குக என எவரையும் கட்டாயப்படுத்துதல் கூடாது.

ஆனால் எறிதல் எல்லார்க்கும் எளிதன்று. 2021-இல் வந்த விண்டோஸ் 11, 'டி.பி.எம். 2.0' என்னும் காப்புறுப்பையும் குறிப்பிட்ட நுண்செயலிகளையும் வேண்டியது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. நேற்றுவரை நன்கு உழைத்த பொறி, தன்னிடம் பழுதொன்றும் இல்லாமலே பழம்பொறியாயிற்று. பெற்றோர் கடன்பட்டு வாங்கித் தந்த பொறியைப் 'பழையது, எறிக' எனச் சொல்லுதல், எறிந்தபின் வாங்க வகையுள்ளவர்க்கே எளிது. பழையது எந்நாளும் வாழ வேண்டும் என்று யான் வாதிடவில்லை. எதனோடு இயையும், எதனோடு இயையாது என்பதை மறைவின்றிச் சொல்லுக என்றே வேண்டுகின்றேன். வருமொழியின் இயல்பை நிலைமொழி முன்னரே அறிந்திருத்தல் இயலாது. 1977-இல் வகுத்த பொறி 1986-இல் வரும் அட்டையை எங்ஙனம் அறியும்? பின் வருவதே முன் நிற்பதை அறிய வல்லது. ஆதலின் இயைபைப் பேணும் பொறுப்பும் பின் வருவதற்கே உரியது.

ஆகவே, அட்டையின் உறைமேல் விரைவைப் பேரெழுத்திற் பொறிப்போர், வேண்டும் மின்னாற்றல், இணைப்பின் வகை, பாதைகளின் எண்ணிக்கை, அட்டையின் நீள உயரம், ஏற்ற நுண்செயலி ஆகியவற்றையும் அவ்வெழுத்திலேயே பொறிப்பாராக. விற்போர் 'பொருந்தும்' எனக் கூறுமுன் பொறியின் பெயரையேனும் கேட்பாராக. அவர் சொல்லை நம்பி வாங்கிய பொருள் இயையாதாயின் முழு விலையையும் திருப்பித் தருவாராக. வாங்குவோராகிய நாமும், 'என் பொறியில் மந்தமாயிருப்பது எது? இவ்வட்டை அதனைத் தீர்க்குமா?' என்னும் இரண்டையேனும் வினவிப் பின்னரே பணப்பையைத் திறப்போமாக.

நம் கல்லூரியார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் கணிப்பொறிக் கூடத்தில் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். எப்பொறியில் எவ்வட்டை இயைந்தது, எது இயையவில்லை, காரணம் யாது என்பதை அனுபவமுடைய மாணவரும் ஆசிரியரும் அதில் எழுதி வைப்பாராயின், அடுத்து வரும் மாணவர் ஒருவருடைய உணவுக் கட்டணமேனும் காக்கப்படும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

எம் நண்பரின் கதை என்னாயிற்று எனில், கூடத்தின் உதவியாளர் ஒருவர் அவருடைய பொறியைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்து, "மந்தம் ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது, கார்டு வாங்கி என்ன பயன்?" என்றார். மீண்ட பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் பொருத்தினர். அப்பழம்பொறி இன்று அவர் மேசைமேல் நன்கு உழைத்துவருகின்றது. இக்கட்டுரையைத் தட்டெழுதியதும் அதிலேதான். யான் வேண்டும் குறிப்பேடு திறக்கப்படும் நாளில், அதன் முதல் வரியைத் தாமே எழுத அவர் இசைந்திருக்கின்றார்.